அவரோடு நாக்பூர் வரை

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு லாரி நிற்கிறது என்று எனக்குப் போன் வந்தபோது அப்போதுதான் விடிந்திருந்தது. பேசியவர் யாரென்று தெரியாது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீன்காரர்களில் ஒருவர்.

"பயப்படாதீங்கம்மா. வண்டி நல்லாத்தான் நிக்குது. டிரைவருதான் எறங்க மாட்டேன்றாரு. எங்க போவணும்னு கேட்டா தெரியலன்றாரு. அவரு போன்ல மொத நம்பரு உங்களுதுதான் இருந்திச்சி."

பக்கத்து வீட்டு ஆட்டோவில் போய் இறங்கினேன். தெரு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் வண்டி நின்றது. என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இன்ஜின் அணைந்திருந்தது. கண்ணாடியில் விழுந்த சூரியனைக் கண் கூசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இங்க இன்னா பண்றீங்க?"

என்னைப் பார்த்துச் சிரித்தார். வெகுநாள் கழித்துப் பார்ப்பவரைப் போல ஒரு சிரிப்பு.

"ரோடு முடிஞ்சிபோச்சி செல்வி" என்றார்.

கதிர்காமத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் திருப்பத்தை அவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். அதைத் தாண்டி, டவுனைத் தாண்டி, கடல் குறுக்கே வரும்வரை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். வழியில் யார் மீதும் மோதாமல் வந்தது எப்படி என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

அவர் பெயர் ஏழுமலை. பாகூர் பக்கம் விவசாயக் குடும்பம். அவருடைய அப்பா நிலத்தையெல்லாம் சாராயக் கடைக்கே எழுதிக் கொடுத்துவிட்டுச் செத்துப்போன பிறகு, லாரியில் கிளீனராக ஏறியவர், அப்படியே டிரைவரானார். இங்கிருந்து சோப்புத்தூளும் டைல்ஸும் ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். திரும்பும்போது வெங்காயம், கடலைப்பருப்பு, சீசனில் நாக்பூர் ஆரஞ்சு. ஒரு நடை போய் வர பத்து நாள் ஆகும். வீட்டில் இரண்டு நாள் இருப்பார். ஒரு நாள் தூங்குவதற்குப் போய்விடும். மிச்சமிருக்கும் நாளில் குழாய் வாஷர் மாற்றுவார், மகள் கலையரசியின் சைக்கிளுக்குக் காற்றடிப்பார், எனக்குத் துணி பிழிந்து கொடுப்பார். பிறகு கிளம்பிவிடுவார்.

நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதிக்கு மேல் போனில்தான் நடந்தது. அதிலும் அவர் அதிகம் பேசமாட்டார். "நீ போனை வெச்சிடாத. அப்படி ஓரமா வெச்சிட்டு வேலயப் பாரு" என்பார். குக்கர் விசிலையும் குழாயில் தண்ணீர் விழுவதையும் நானும் கலையும் சண்டை போடுவதையும் எங்கோ ஆந்திராவில் வண்டியை ஓரங்கட்டி உட்கார்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தக் கடற்கரை நாளுக்குச் சில மாதங்களுக்கு முன்பே ஏதோ மாறியிருந்தது. பகலெல்லாம் தூங்கினார். இரவில் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். டீயில் சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு முகம் சுளிக்காமல் டம்ளரை வைத்தார். கால் வீங்கியிருந்தது. உட்கார்ந்தே ஓட்டுவதால் என்றார். வயிறு முன்தள்ளியிருந்தது. வயசாகிறது என்றோம். சுகர் மாத்திரை மட்டும் ரொம்ப நாளாகப் போட்டுக்கொண்டிருந்தார், அதுவும் ஞாபகம் வந்தால்.

ஆட்டோவிலேயே அவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சீட்டு வாங்கும் வரிசை, ரத்தம் எடுக்கும் வரிசை, ஸ்கேனுக்கு ஒரு வரிசை. எல்லா வரிசையிலும் அவர் பொறுமையாக நின்றார். நெரிசலில் வண்டி நிற்பதாக நினைத்துக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தவர் முதலில் கேட்டார். "எவ்ளோ வருஷமா குடிக்கிறாரு?"

"குடிக்க மாட்டாருங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வார்டில் சேர்த்தபோது நர்ஸ் கேட்டார். பிறகு பெரிய டாக்டர் கேட்டார். சொந்தக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்து, கட்டிலோரம் நின்று, தாழ்ந்த குரலில் கேட்டார்கள். புதுச்சேரிக்காரர், அதிலும் லாரி டிரைவர், அதிலும் ஈரல் கெட்டுப்போயிருக்கிறது. யார் நம்புவார்கள்? தெருவுக்கு ஒரு ஒயின்ஷாப் இருக்கும் ஊரில், வெளியூர் டிரைவர்கள் பாட்டில் வாங்கி ஒளித்துக்கொண்டு போகும் ஊரில், ஒரு சொட்டுகூட வாயில் வைக்காமல் ஒருவர் இருந்தார் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லுவது?

டியூட்டியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். கலை வயதுதான் இருக்கும். அவளும் அதையே கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை.

"எங்க மாமனாரு குடிச்சே செத்தாரும்மா. அந்தப் பொணத்த இவருதான் தூக்குனாரு. அதுலேர்ந்து அந்த வாசன வந்தாலே எழுந்து போய்டுவாரு. நீங்க நம்புனா நம்புங்க, நம்பலன்னா போங்க."

அவள் பேனாவை மூடிப் பையில் வைத்தாள். பக்கத்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நம்பறேம்மா. குடிக்காதவங்களுக்கும் இது வருது. இப்ப நெறைய பேருக்கு வருது."

பிறகு எனக்குப் புரியும்படி சொன்னாள். சுகர் இருந்து, அசையாமல் உட்கார்ந்தே வேலை செய்து, நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிட்டு வந்தால் ஈரலில் கொழுப்பு சேருமாம். கொழுப்பு ஈரலைப் புண்ணாக்கும். புண் ஆறி ஆறித் தழும்பாகும். ஈரல் முழுக்கத் தழும்பானால் அது சுருங்கிக் கெட்டியாகிவிடும். ஈரல் சுருக்கம் என்று அதற்குப் பெயர். நாம் சாப்பிடுவதிலிருந்து உண்டாகும் அம்மோனியா என்ற நஞ்சை ஈரல்தான் சுத்தம் செய்ய வேண்டும். அது முடியாமல் போனால் நஞ்சு ரத்தத்தோடு மூளைக்கு ஏறிவிடும்.

"மூளை கெட்டுடுச்சாம்மா?"

"இல்லம்மா. மூளை மேல பனி மூடுனமாதிரி. மருந்து குடுத்தா விலகும்."

அவர் பக்கம் திரும்பி, "ஐயா, ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க. பஸ்ஸ நிறுத்தறமாதிரி உள்ளங்கையைக் காட்டுங்க" என்றாள்.

அவர் நீட்டினார். கைகள் நிற்கவில்லை. மணிக்கட்டு தானாக மடிந்து மடிந்து எழுந்தது, காற்றில் இலை ஆடுகிறமாதிரி. அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் நஞ்சு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பார்களாம். அவர் தன் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "யாரோ லிப்டு கேக்கறாங்க பாரு. ஏத்திக்கலாம். மழ வராப்புல இருக்குது" என்றார்.

அன்று வண்டியில் ஏறியவர்கள்தான் நாங்கள். அடுத்து வந்த நாட்களில் அவர் இறங்கவே இல்லை.

கட்டில் அவருக்கு லாரியாகிவிட்டது. கால்மாட்டில் இருந்த இரும்புக் கம்பி பம்பர். தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியின் சத்தம் இன்ஜின். குளுக்கோஸ் ஏறும் கையைத் தூக்கிக் கியர் மாற்றினார். ஊசி விலகிவிடுமே என்று நர்ஸ் கையைக் கட்டிலோடு கட்டப் பார்த்தார். அவர் முரண்டு பிடித்தார். குடிக்கச் சொன்ன மருந்தைத் துப்பினார். லாக்டுலோஸ் என்று தேன் போன்ற சிரப் அது. அதைக் குடித்தால் அடிக்கடி வயிறு போகும். அப்படிப் போனால்தான் நஞ்சு வெளியேறும். அதை அவர் குடிக்காவிட்டால் மயக்கம் முற்றி நினைவே தப்பிவிடும் என்றாள் டாக்டர் பெண்.

என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது அவர் கோபமாகக் கேட்டார். "சைடு பாக்காம இன்னா பண்ற நீ?"

என்னைக் கிளீனர் என்று நினைத்திருந்தார். அவர் இடது பக்கத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். வாசலைப் பார்த்தேன். "லெப்ட்டு கிளியரா இருக்குது. போவலாம், போவலாம்" என்றேன். அவர் முகம் அமைதியானது.

"தார்ப்பாய் கட்டிருக்கா?"

குனிந்து போர்வை நுனியை மெத்தைக்கு அடியில் செருகினேன். "கட்டியாச்சி."

கொஞ்ச தூரம் போனதும், "செக்போஸ்ட்டுங்க. நிறுத்துங்க. டீ குடிச்சிட்டுப் போவலாம்" என்று சிரப்பை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். பிரேக்கை மிதித்துவிட்டு வாங்கிக் குடித்தார். "சக்கர ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னார்.

அப்படித்தான் மருந்து உள்ளே போனது. செக்போஸ்ட்டுக்கு ஒரு டீ. முதலில் சிரித்த நர்ஸுகளும் பிறகு கூடவே ஏறிக்கொண்டார்கள். காலையில் ரத்தம் எடுக்க வருகிறவர், "எது வரைக்கும் வந்திருக்கீங்க ஐயா?" என்று கேட்பார். "ஓங்கோல் தாண்டியாச்சி" என்பார் இவர். மறுநாள் ஐதராபாத் வெளிவட்டச் சாலை. அதற்கு மறுநாள் அதிலாபாத். வழி தப்பவே இல்லை. வீட்டுத் திருப்பத்தை மறந்தவருக்கு அந்தச் சாலை மட்டும் மேடு பள்ளத்தோடு அப்படியே இருந்தது.

அவர் பேசப் பேச எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வார்டு மறைந்துகொண்டு வந்தது. மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டும்போது அது மரநிழல் விழுந்த சாலை மாதிரியே இருக்கும். "அதிலாபாத் தாண்டிட்டா தேக்குக் காடு. எல ஒவ்வொன்னும் முறம் அகலம் இருக்கும். மழ பேஞ்சா கைதட்டறாப்புல சத்தம் வரும்" என்பார். நான் காதைக் கொடுத்தால், பக்கத்து வார்டில் யாரோ நடக்கும் செருப்புச் சத்தம்கூட இலையில் விழும் மழையாகக் கேட்கும். ஒரு மயில் குறுக்கே போகிறது, மெதுவாகப் போங்கள் என்பேன். அவர் கால் மெல்ல அழுந்தும். மயில் கடந்து போகும்வரை இருவரும் காத்திருப்போம். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இப்படி விடாமல் சேர்ந்தாற்போல் நாங்கள் இருந்தது அந்த வார்டில்தான்.

பக்கத்துக் கட்டிலில் காமாலை கண்ட ஒரு பெரியவர் படுத்திருந்தார். அவர் மனைவி மும்தாஜ் அக்கா. டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். கல்யாணமான புதிதில் பல வருஷம் பம்பாயில் இருந்தவர். எனக்கு ஒரு பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பார். நான் குளிக்கப் போனால் என் இடத்தில் வந்து உட்கார்ந்து சைடு பார்ப்பார்.

ஒரு நாள் மத்தியானம் இவர் வண்டியை நிறுத்திவிட்டு இந்தியில் பேசத் தொடங்கினார். எனக்குத் திக்கென்றது. அவருக்கு இந்தி தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இப்படித் தண்ணீர் மாதிரி ஓடும் என்று தெரியாது. குரலே மாறியிருந்தது. நடுநடுவே சிரித்தார். 'பாபி, பாபி' என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

"யாருக்கா அது பாபி?" என்று கேட்டேன். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

மும்தாஜ் அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தார். "பாபின்னா அண்ணி. டாபா வெச்சிருக்கற அம்மாவாட்டம் இருக்குது. ரொட்டி போதும்ன்றாரு. பருப்புல காரம் கொறச்சிப் போடுன்றாரு." கொஞ்சம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இப்ப உன்னப் பத்திப் பேசறாரு."

"என்னப் பத்தியா? இன்னா சொல்றாரு?"

இவர் சொந்த அண்ணியிடம் பேசுவது போலச் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். மும்தாஜ் அக்கா ஒவ்வொரு வாக்கியமாக எனக்குத் தமிழில் சொன்னார்.

"'என் வீட்டுக்காரி அங்கன்வாடில அத்தன புள்ளைங்களையும் ஒண்டியாத் தூங்க வெப்பா. பாட்டெல்லாம் பாட மாட்டா. சும்மா பக்கத்துல ஒக்காந்து ஒவ்வொன்னுத்துக்கும் முதுகத் தட்டிக்கினே இருப்பா. ஒருநா சாவி குடுக்கப் போயிருந்தேன். ஜன்னலாண்ட நின்னு பாத்தேன். கூப்புட மனசு வரல. சாவிய அப்படியே எடுத்துக்கினு வந்துட்டேன்'ன்றாரு."

மும்தாஜ் அக்கா நிறுத்தினார். இவர் இந்தியில் இன்னும் ஏதோ சொன்னார்.

"'ரோட்டுல தூக்கம் வராதப்ப அதத்தான் நெனச்சிக்குவேன். என் முதுகத் தட்டறான்னு நெனச்சிக்குவேன். தூங்கிடுவேன்'னு சொல்றாரு."

அந்தச் சாவி எனக்கு ஞாபகம் இருந்தது. வேலை முடிந்து வந்து வாசலில் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்று, அன்று அவரிடம் கத்தியிருந்தேன். மறந்துட்டேன் என்று மட்டும் சொல்லியிருந்தார். தமிழில் ஒரு நாளும் சொல்லாத விஷயம். பெயர் தெரியாத ஏதோ ஒரு ஊரில் ரொட்டி சுடும் பெண்மணிக்கு அது தெரிந்திருக்கிறது.

அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தேன். மும்தாஜ் அக்கா திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். இவர் பேச்சு கரைந்து கரைந்து முணுமுணுப்பானது. தூங்கிப்போனார்.

எழுந்தபோது பனி விலகியிருந்தது. சுவரைப் பார்த்தார், குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது எந்த ஆஸ்பத்திரி? வண்டி எங்க?"

"வண்டி ஓனரு எடுத்துக்கினு போய்ட்டாரு. நீங்க நல்லாகி வாங்கன்னாரு."

"லோடு எறக்கியாச்சா?"

"எறக்கியாச்சி."

பெருமூச்சு விட்டுத் தலையணையில் சாய்ந்தார். டாக்டர் பெண் வந்து கைகளை நீட்டச் சொன்னாள். நீட்டினார். கைகள் அசையாமல் நின்றன. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான். மறுநாள் பெரிய டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். கலையும் மருமகனும் இருந்தார்கள். மருந்தால் பனியை விலக்கலாம், ஈரலைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. மறுபடி மறுபடி இப்படி வரும். ஈரல் மாற்றுவது ஒன்றுதான் நிரந்தர வழி. சென்னையில் செய்கிறார்கள். உயிரோடு இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். கொடுத்தவருக்கு அது சில மாதத்தில் வளர்ந்துவிடும்.

"என்னுது எடுத்துக்கங்க" என்றாள் கலை. யோசிக்கவே இல்லை. எனக்கும் சுகர் இருப்பதால் நான் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் டாக்டர் முன்னால் பிடிகொடுக்காமல், "பாக்கலாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தோம். உப்பில்லாத சாப்பாடு, நாள் தவறாமல் சிரப். வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். முதல் தடவையாக அவர் வீட்டில் இருந்தார். தெருவில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். என்னை அங்கன்வாடிவரை கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொள்வார். குழந்தைகள் அவர் மேல் ஏறி விளையாடும். மத்தியானம் அவற்றோடு சேர்ந்து பாயில் படுத்துவிடுவார். நான் எல்லோர் முதுகையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்து அவரிடம் முடிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார். நானாக அந்த டாபா பேச்சை எடுக்கவில்லை. அவருக்கும் அது ஞாபகம் இருந்தமாதிரி தெரியவில்லை.

கலை அதற்குள் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டாள். அவரும் அவளும் ஒரே குரூப். ஸ்கேனும் எடுத்துக்கொண்டாள். எல்லாம் பொருந்தி வந்தது. போன் செய்து சொல்லும்போது அவள் குரலில் கல்யாணம் நிச்சயமான நாளில் இருந்த துள்ளல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் போகலாம் என்றார். இத்தனை வருஷம் அந்த வழியாகக் கடலூர் பக்கம் லோடு ஓட்டியவர், ஒரு நாளும் உள்ளே போனதில்லை. டிக்கெட் வாங்கிவிட்டு மரத்தடியில் காத்திருந்தோம்.

"கலைகிட்ட சொல்லிடு. எனக்கு வேணாம்."

"அவளுக்கு இஷ்டம்ங்க. யாரு கட்டாயப்படுத்துனா?"

"அவளுக்கு இஷ்டம்தான். எனக்கு இல்ல." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவ தவழ்ந்தத பாக்கல. பள்ளிக்கூடம் சேத்தத பாக்கல. வயசுக்கு வந்தப்ப நான் சோலாப்பூர்ல இருந்தேன். இனிமே அவ ஒரு புள்ள பெக்கணும். அவள அறுத்து எடுத்துத்தான் நான் இருக்கணும்னா, அந்த இருப்பு எனக்கு இன்னாத்துக்கு?"

"நான் இருக்கனே. எனக்காகக் கூடவா வேணாம்?"

நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்ததில்லை. கேட்கத்தான் வேண்டியிருந்தது. அவர் என் கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"உனக்காகத்தான் யோசிக்கிறேன். ரெண்டு பேரையும் ஒரே நாள்ல கத்திக்கு அனுப்பிட்டு நீ வெளிய ஒக்காந்திருக்கறத நெனச்சிப் பாத்தேன். என்னால முடியல." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "எனக்குத் திரும்ப புத்தி கலங்கும். அப்ப நான் இன்னா கேட்டாலும், இன்னா சொன்னாலும், நீ கையெழுத்துப் போட்டுடாத. இப்ப சொல்றதுதான் நான் சொல்றது."

படகு வந்தது. ஏறினோம். உப்பங்கழி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. இரண்டு பக்கமும் பச்சை மெல்லப் பின்னால் போயிற்று. யாரோ ஓட்ட, தான் சும்மா உட்கார்ந்து போவது அவருக்குப் புதிது. கொஞ்ச நேரம் படகுக்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளில் தலையைச் சாய்த்தார். கடற்கரை வந்து எல்லோரும் இறங்கியபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். படகுக்காரர் எழுப்பவா என்று கையால் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அதே படகில் உட்கார்ந்தபடியே திரும்பிவிட்டோம். போகும்போது பார்த்த மரங்களை எல்லாம் மறுபடி பார்த்தேன். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது காய்ச்சல் வந்தது. வயிற்றில் தேங்கியிருந்த நீரில் கிருமி சேர்ந்துவிட்டது என்றார்கள். மெல்லிய ஊசி போட்டு அந்த நீரை எடுத்தார்கள். பழைய வார்டு, வேறு கட்டில். டாக்டர் பெண் வேறு பிரிவுக்குப் போயிருந்தாலும் கேள்விப்பட்டு வந்து பார்த்தாள். இந்த முறை அவர் வண்டி ஓட்டவில்லை. பேசவும் இல்லை. கண்ணைத் திறந்தால் விசிறியைப் பார்ப்பார். நான் சைடு கிளியரா இருக்குதுங்க என்று சொல்லிப் பார்த்தேன். அந்தச் சாலையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

ஒரே ஒரு தடவை, காலை வேளையில், தெளிவாக, "வீட்டுக்குப் போவணும் செல்வி. நான் உசுரோட இருக்கணும்" என்றார். கலை பக்கத்தில் இருந்தாள். அவள் காதிலும் விழுந்தது.

பெரிய டாக்டர் வந்து சொன்னார். சென்னைக்குக் கொண்டுபோவதென்றால் கிருமி அடங்கியதும் உடனே கிளம்ப வேண்டும். இன்றைக்கே முடிவு சொல்ல வேண்டும்.

வராந்தாவில் கலை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, கேட்டல்ல? நான் உசுரோட இருக்கணும்ன்றாரு. அவரே சொல்றாரும்மா."

"இப்ப சொல்றது அவரில்ல."

"வேற யாரு? அவரு வாயிலேர்ந்துதான வந்திச்சி? ஒரு கையெழுத்தும்மா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

நான் முடியாது என்றேன். நோணாங்குப்பத்தில் பேசியதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "உனக்கு பயம். அதான் அவரு மேல போடற" என்றாள். எனக்குப் பயம் இல்லை என்று எப்படிச் சொல்லுவேன்? அவர் இருக்க வேண்டும் என்று என் உடம்பு முழுவதும் கத்திக்கொண்டிருந்தது. நான் உசுரோட இருக்கணும் என்று அவர் சொன்னது இன்றும் என் காதில் விழுகிறது. அது நஞ்சு சொன்னதா, அவர் சொன்னதா என்று எந்த டாக்டராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை. மரத்தடியில் என் முகத்தைப் பார்த்துச் சொன்னவரை எனக்குத் தெரியும். அவரைத்தான் நம்பினேன்.

கையெழுத்துப் போடவில்லை. கிருமியும் அடங்கவில்லை. அடங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைப்பதை நான் நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், மழை விட்டு வெயில் வந்த நேரத்தில், அவர் மூச்சு நிதானமாக இடைவெளி விட்டு விட்டு வந்து, பிறகு வரவில்லை. நான் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். நின்றது தெரியாமல் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தேன்.

கலை காரியத்துக்கு வந்தாள், செய்ய வேண்டியதைச் செய்தாள், போய்விட்டாள். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. பொங்கலுக்கு மருமகன் மட்டும் வந்தார். நான் போன் செய்தால் அவர்தான் எடுப்பார். "கொஞ்ச நாள் போவட்டும் அத்த" என்பார். நான் வேலைக்குப் போனேன், வந்தேன். காலையில் எழுந்தால் இன்றைக்கு எங்கே வந்திருப்பார் என்று ஒரு நொடி கணக்குப் போடும் பழைய பழக்கம் மட்டும் போகவே இல்லை.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்கதவு திறந்திருந்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கலை உள்ளே வந்து சமையற்கட்டு வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்குத் தெரியும்மா" என்றாள்.

"இன்னாடி தெரியும்?"

"என்கிட்டயும் சொன்னாரு. போன்ல. நீங்க நோணாங்குப்பம் போய்ட்டு வந்த அன்னிக்கே கூப்ட்டு சொன்னாரு. அம்மா கையெழுத்துப் போட மாட்டா, நான்தான் சொல்லியிருக்கறேன், நீ அவ மேல கோச்சிக்காதன்னாரு." அவள் உதடு கோணிக்கொண்டு போனது. "நீ வராந்தால சொன்னப்பவே அது நெசம்னு தெரியும். அவரு மேலதாம்மா எனக்குக் கோவம். அவரு போய்ட்டாரு. நீ இருந்த. அதான்."

களைந்த அரிசியைக் கீழே வைத்தேன். ஈரக்கையோடு அவள் தலையைப் பிடித்து என் தோளோடு சேர்த்துக்கொண்டேன். அவள் சத்தம் போட்டு அழவில்லை. என் புடவை நனைவது மட்டும் தெரிந்தது.

வெகு நேரம் கழித்து, "பசிக்குதும்மா" என்றாள்.

ரசம் வைத்தேன். ஒரு முட்டை பொரித்தேன். தட்டில் மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு அவள் அப்பா படுக்கும் இடத்திலேயே பாயை விரித்துப் படுத்தாள். மருமகன் கூப்பிட்டபோது நான்தான் போனை எடுத்தேன். தூங்குகிறாள், சாயந்திரம் வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தேன்.